சிவப்புக்குப் போன முள்

மலைத்தோட்டத்துக்கு மூட்டை ஏற்றிப் போகும் பழைய டீசல் ஜீப் ஒன்றில், என்ஜினின் சூட்டைக் காட்டும் முள்ளும், ரேடியேட்டர் தண்ணீரை என்ஜினுக்குக் கொண்டுபோகும் ரப்பர் குழாயும் அக்கா தம்பி போலப் பழகின.

ஒருநாள் குழாயின் வாயோரம் வெடித்துத் தண்ணீர் கசிந்தது. என்ஜின் சூடேறத் தொடங்கியது.

"சொல்லிடாதே அக்கா. பார்த்தாங்கன்னா என்னைக் கழற்றி எறிஞ்சிடுவாங்க" என்று குழாய் அழுதது.

மறுக்க முள்ளுக்கு மனசு வரவில்லை. மேலே எழும்பத் துடித்த உடம்பை இழுத்துப் பிடித்துக்கொண்டு, இரண்டு நாள் நடுக்கோட்டிலேயே நின்றது. டிரைவர் அந்தோணிராசும் அதைப் பார்த்து நிம்மதியாக வண்டி ஓட்டினார்.

மூன்றாம் நாள், செங்குத்தான ஏற்றத்தில் என்ஜின் முனகியது. "எனக்குத் தலை வெடிக்கிற மாதிரி இருக்கு. யாருக்குமே தெரியலையா?"

முள்ளால் அதற்குமேல் தாங்க முடியவில்லை. "மன்னிச்சுக்கோடா தம்பி" என்று சொல்லிப் பிடியை விட்டது. நேரே சிவப்பில் போய் நின்றது.

அந்தோணிராசு வண்டியை ஓரங்கட்டி, பானெட்டைத் திறந்துவைத்து, சூடு ஆறும்வரை காத்திருந்தார். பிறகு குழாயைக் கழற்றினார். குழாய் கண்ணை இறுக மூடிக்கொண்டது. அவரோ வெடித்த ஓரத்தை மட்டும் கத்தியால் ஒரு விரற்கடை அறுத்தெடுத்துவிட்டு, மிச்சக் குழாயைத் திரும்ப மாட்டி, கிளிப்பை முறுக்கி, தண்ணீர் ஊற்றினார்.

வண்டி கிளம்பியது. குழாய்க்குத் தன்மேல் கோபம்தான் இருக்கும் என்று முள் நினைத்துக்கொண்டது.

ஏற்றம் முடிந்ததும் குழாய் மெல்லக் கேட்டது: "ரெண்டு நாளா எனக்காக இழுத்துப் பிடிச்சுக்கிட்டே நின்னியே அக்கா, உடம்பு ரொம்ப வலிச்சுதா?"