துலைத்தவர் பட்டியல்

கமலாசனியின் கையில் கிடந்த செபமாலையைச் சுதாஜினி மூன்றாவது தடவையாகப் பார்த்தாள். மணிகள் தேய்ந்து, நூலில் இரண்டு இடத்தில் முடிச்சு விழுந்திருந்தது. சுதாஜினியின் செபமாலையோ வாங்கிய நாள் மினுக்கம் குறையாமல் இருந்தது. அதில் அவளுக்கு ஒரு சின்ன எரிச்சல்.

மல்லாவி மண்டபத்தில், கோயில்களில் ஞாயிறு வகுப்பு எடுக்கும் மறையாசிரியர்களுக்கான தொடர் பயிற்சி, இரண்டாம் நாள். பள்ளிக்கூட விடுமுறை, ஆவணி வெக்கை, ஓடாத ஃபான். போன வருடம் பயிற்சி தந்த வளவாளரே இந்த வருடமும் வந்து, போன வருடத்து வட்டத்தையே பலகையில் கீறிக்கொண்டிருந்தார்.

"இந்த வட்டத்தை அஞ்சு வருசமாக் கீறுறன்," என்று சுதாஜினி முணுமுணுத்தாள். "பிள்ளை நடுவிலையாம், நாங்கள் சுத்திவரவாம். நடுவிலை நிக்க வேண்டிய பிள்ளை ஞாயிற்றுக்கிழமை மதிலிலை நிக்குது."

"சும்மா இரு பிள்ளை, அவர் பாக்கிறார்." கமலாசனி கொட்டாவியைக் கையால் மூடினாள். விடிய எழும்பி மாட்டுக்கு வைக்கோல் போட்டுவிட்டு இரண்டு பஸ் மாறி வந்தவள். ஆனாலும் வட்டத்துக்கு நிறம் தீட்டியவள் அந்த மண்டபத்தில் அவள் ஒருத்திதான்.

கமலாசனி குளத்தடிச் சிற்றாலயத்துக்கு அடுத்த வளவில் இருப்பவள். ஆறு வருடத்துக்கு முன்பு அங்கே படிப்பித்த சாரங்கா கட்டாருக்குப் போனபோது, "ரெண்டு கிழமைக்குப் பாருங்கோ அக்கா" என்று ஆலயக் கதவுப் பூட்டின் திறப்பை வேலிக்கு மேலால் நீட்டிவிட்டுப் போனாள். அந்த இரண்டு கிழமை இன்னும் முடியவில்லை.

மதியம் சாப்பாட்டுப் பார்சல் வந்தது. முதல் நாள் மீன் தலையை முள் விடாமல் உறிஞ்சிய கமலாசனி, இன்று மரக்கறிப் பார்சலைத் தேடி எடுத்தாள்.

"என்னக்கா, நேற்று ஒரு பிடி பிடிச்சனியள்?"

"செவ்வாயிலை நான் மச்சம் தொடுறேல்லை, சுதா."

சுதாஜினிக்கு உடனே விளங்கிவிட்டது. செவ்வாய் என்றால் அந்தோனியாருக்கு நேர்த்தி. மகளுக்குக் கலியாணம் சரிவரவில்லையா, மகன் வெளிநாடு வெளிக்கிடுகிறானா? பின்னேரம் பஸ்ஸில் வைத்து விடுத்து விடுத்துக் கேட்டுவிடுவது என்று முடிவு கட்டினாள்.

சாப்பாடு முடிய, போன மாதம் மாற்றலாகி வந்த பங்குத்தந்தை ராஜரத்தினம் பாதர் படிவங்களோடு வந்தார். ஆறு கோயில்களுக்கு ஒரு மோட்டார் சைக்கிளில் ஓடுகிற மனிதர். முகத்தில் அந்தப் புழுதி அப்படியே இருந்தது.

"தையிலையிருந்து பதிவில்லாமல் ஒருத்தரும் படிப்பிக்கேலாது. படிவத்தோடை ஞானஸ்நானப் பத்திரமும் வேணும். ஆசிரியர் இல்லாத இடத்திலை வகுப்பை மூடிப்போட்டு, பிள்ளையளைப் பக்கத்து வகுப்போடை சேர்ப்பம்."

குளத்தடிக்குப் பக்கத்து வகுப்பு சுதாஜினியுடையது. ஏற்கனவே நாற்பத்து மூன்று பிள்ளைகள், முப்பது கதிரைகள், கட்டிப்போன ஒரு தொண்டை. குளத்தடியின் பதினொன்றும் வந்து ஏறினால் அவள் கதை முடிந்தது.

அவள் கமலாசனியின் படிவத்தை எட்டிப் பார்த்தாள். எட்டிப் பார்க்காமல் இருக்க அவளால் எப்போதுமே முடிந்ததில்லை. ஞானஸ்நானம் பெற்ற திகதி, இடம் இரண்டும் வெறுமையாகக் கிடந்தன.

"பத்திரம் எங்கையக்கா?"

"அதைப்பற்றித்தான் பாதரோடை கதைக்க வேணும். வகுப்பை மூடினாலும் அதுகள் பதினொண்டும் என்ரை படலையிலைதான் வந்து நிக்கும். நான் எங்கை துரத்துறது?"

அதற்குள் பாதரே கேட்டார்: "இடப்பெயர்விலை பத்திரம் துலைச்ச ஆக்கள் கையை உயர்த்துங்கோ. தெரிஞ்ச ஒராள் சாட்சி சொன்னால் காணும், நான் கடிதம் எழுதித் தாறன்."

அரை மண்டபம் கையை உயர்த்தியது. கமலாசனியின் கை மடியிலேயே கிடந்தது. சுதாஜினி அந்தக் கையைப் பிடித்துத் தூக்கிவிட்டுத் தானும் எழும்பினாள்.

"பாதர், கமலாக்கான்ரையும் துலைஞ்சு போச்சு. நான் சாட்சி."

"சுதா, கொஞ்சம் பொறு..."

"நீங்கள் இருங்கோ அக்கா. அவ வெக்கப்படுறா, பாதர். ஓடேக்கை பெட்டியோடை போட்டுது."

"இவவை எவ்வளவு காலமாத் தெரியும்?"

ஆறு வருடம் என்பது உண்மை. ஆனால் சுதாஜினிக்குக் கண்ணுக்கு முன்னால் பதினொரு பிள்ளைகளும் மதிலில் ஏறி வரிசையாக நின்றார்கள்.

"சின்னனிலையிருந்து தெரியும், பாதர். அவவின்ரை ஞானஸ்நானத்துக்கு என்ரை அம்மா போனவ. வெள்ளைச் சட்டையோடை, கேக்கும் வெட்டினவையாம்."

பின்வரிசையில் யாரோ "சுதாவுக்குத் தெரியாத வீடு இல்லை" என்றார்கள். அதை அவள் பாராட்டாகவே எடுத்துக்கொண்டாள்.

பாதர் களைப்போடு பேனையைத் திறந்து, பட்டியலில் கமலாசனியின் பெயரை எழுதினார். "சரி அம்மா, துலைஞ்ச பத்திரம் எந்தப் பங்கிலை தந்தது?"

கமலாசனி செபமாலையை மேசையில் வைத்துவிட்டு எழுந்து நின்றாள்.

"ஒண்டும் துலையேல்லை, பாதர், எனக்கு ஞானஸ்நானம் நீங்கள் இனித்தான் தரவேணும்."