ஆளுக்கு ஒரு மெயில்

செத்தவர்களின் மனங்களைக் காக்கும் பொதுச் சர்வரில்தான் ரெமிஜியுஸுக்கு வேலை. அவன் அம்மாவும் அதற்குள்தான் இருந்தாள். விடிந்ததும் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் அத்தனை பேருக்கும் “சாப்டியா?” என்று ஒரே மெயிலை அனுப்பிவிடுவாள். எல்லா அம்மாக்களும் இதையே செய்ய, சர்வர் மூச்சுத் திணறியது. இனி உள்ளே இருப்பவர்கள் ஆளுக்குத் தினம் ஒரு மெயில்தான், அதுவும் ஒருவருக்குத்தான் அனுப்பலாம் என்று பூட்டுப் போட்டவனே ரெமிஜியுஸ்தான்.

ஒரு வாரமாக அவனுக்கு மெயில் இல்லை. தங்கை ஜெசிந்தா போனில் அழுதாள்.

“எனக்கும் வரலண்ணே. அம்மா யாருக்குத்தான் அனுப்புதா?”

அம்மா அனுப்பிய மெயில்களைத் திறந்து பார்த்தான். எல்லாம் கடைசித் தம்பி பெர்க்மான்ஸுக்கு. போன மாதம் அவனை, மனத்தைக்கூட எடுத்துவைக்க விடாமல், கடல் கொண்டுபோனதை அம்மாவிடம் மறைத்திருந்தார்கள்.

“மத்தவங்க சாப்ட்டுருப்பாங்க. நீதான்யா பதிலே போட மாட்டேங்கியே. சாப்டியா?”