நாலாவது பின்

“இதை யாரு சார் பிரிச்சது?”

மெக்கானிக் தலையை நிமிர்த்தாமலே கேட்டான். கையில் இருந்தது உள்ளங்கை அகலத்தில் ஒரு பழைய வீடியோ கேம். பின்மூடியில் ஆறு ஸ்க்ரூவும் அதனதன் இடத்தில் இருந்தன. அதுவே அவனுக்கு ஆச்சரியம். வீட்டில் பிரித்துப் பார்த்துவிட்டு வருகிறவர்கள் வழக்கமாக உடம்பை ஒரு பையிலும் ஸ்க்ரூவை இன்னொரு பையிலும் அள்ளிக்கொண்டு வருவார்கள்.

“நான்தான். என் பொண்ணு சின்ன வயசுல விளையாடினது. சார்ஜர் சொருகற இடம் உடைஞ்சிருந்துச்சு. பழசை எடுத்துட்டு, புதுசு வாங்கி நானே ஈயம் வச்சுப் பத்தவச்சேன்.”

வந்தவருக்கு அறுபதை நெருங்கும் வயது. மடிப்புக் கலையாத சட்டை. பேச்சில் அவசரமே இல்லை.

“இப்ப சார்ஜ் ஏறுதா?”

“ஏறுது.”

“கேம் ஓடுதா?”

“நல்லா ஓடுது.”

“அப்புறம் எதுக்கு சார் இங்க வந்தீங்க? காத்து வாங்கவா?”

“வேலை எப்படி இருக்குன்னு நீங்க பார்த்துச் சொல்லணும்.”

மெக்கானிக்குக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ரிப்பேருக்கு வருவார்கள், சண்டைக்கு வருவார்கள், சும்மா கதை பேசவும் வருவார்கள். மார்க் போடச் சொல்லி இதுவரை ஒருத்தரும் வந்ததில்லை.

“கூட வேலை பார்க்கிறவங்ககிட்ட காட்டினேன். பிரமாதம்னு சொன்னாங்க. எல்லாரும் எனக்குக் கீழ இருக்கிறவங்க, வேற என்ன சொல்லுவாங்க? இந்தக் கடையில முகத்துக்காகப் பேச மாட்டாங்கன்னு கேள்விப்பட்டேன். இந்த மாதிரி நுணுக்கமான வேலையை நான் இனிமே தொடலாமா, கூடாதா? ஒரு வார்த்தை சொல்லுங்க. அதுபடி நடந்துக்கறேன்.”

கடைசி வார்த்தையில் அவர் குரல் இறங்கிவிட்டது. பாவம், வேலைக்குப் போய்வந்து மிச்சமிருக்கிற நேரத்தில் மனுஷனுக்கு இது ஒன்றுதான் சந்தோஷம் போல என்று மெக்கானிக் நினைத்துக்கொண்டான்.

மூடியைக் கழற்றி, போர்டைப் பூதக்கண்ணாடிக்குக் கீழே வைத்தான். சார்ஜர் சொருகுகிற இடத்தில் மயிரிழை மாதிரி எட்டுப் பின்கள். முதல் மூன்றையும் பார்த்ததும் கண்ணாடியை இன்னும் கிட்டே இழுத்தான். ஒரு பொட்டு ஈயம் கூடுதலாக இல்லை, குறைவாகவும் இல்லை. அப்புறம் நாலாவது பின்னைப் பார்த்தான். மெல்லப் போர்டைத் திருப்பி, மறுபடியும் பார்த்தான்.

நல்லா இருக்கு சார் என்று ஒரு வார்த்தை சொல்லி அனுப்பினால் யாருக்கு என்ன குறைந்துவிடும்? இவனை வளர்த்த அக்காவே தலையில் அடித்துக்கொள்வாள்: “டேய், நீ கடை வச்சிருக்கியா, கோர்ட் வச்சிருக்கியா?” ஆனால் இந்தப் பாழாய்ப்போன வாய்க்குப் பொய் சொல்ல வராது.

“சார், தப்பா எடுத்துக்காதீங்க. இது வேலை தெரியாத கை இல்ல. முதல் மூணு பின்னை நான்கூட இவ்வளவு சுத்தமா வச்சிருக்க மாட்டேன். ஆனா நாலாவதுல ஈயம் வைக்கிற கம்பியோட முனை வழுக்கியிருக்கு. பாருங்க, போர்டுல கீறல். ஏழாவதுலயும் அதே மாதிரி. ரெண்டும் வலப்பக்கமாத்தான் போகுது.”

“அதனால?”

“கை நடுங்குது சார். எப்பவும் இல்ல. நடுவுல, நீங்க எதிர்பார்க்காத நேரத்துல.”

“எனக்குப் பழக்கமில்லாத வேலை. அதனாலகூட இருக்கலாம் இல்லையா?”

கேட்டவருக்கே அதில் நம்பிக்கை இல்லை என்பது முகத்தில் தெரிந்தது.

“பழக்கமில்லாதவன் முதல் பின்லயே தடுமாறுவான், போகப் போகத்தான் சரியாகும். கண்ட பக்கமும் கீறி வச்சிருப்பான். உங்களுக்கு அப்படியே தலைகீழா இருக்கு.”

அவர் வலது கையை விளக்குக்குக் கீழே நீட்டினார். இருவரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கொஞ்ச நேரம் அது அசையாமல் இருந்தது. திடீரென்று ஆள்காட்டி விரல் ஒரு தடவை வலப்பக்கம் இழுத்துவிட்டு அடங்கியது.

“அப்ப இனிமே தொடக்கூடாது.”

“இது வெறும் பொம்மை சார். தப்பாப் போனா வேற போர்டு மாத்திக்கலாம். அதுக்காக நீங்க ஏன் இவ்வளவு…”

நல்ல மனுஷனுடைய சந்தோஷத்தைப் பிடுங்கிவிட்டோமே என்று மெக்கானிக்கின் மனசு அடித்துக்கொண்டது.

“ஒண்ணு பண்ணுங்க சார். நாளன்னைக்கு வாங்க. பக்கத்துல உட்கார்ந்து நீங்க சொல்லுங்க, நான் பின்னைச் சரிபண்றேன். நாளைக்குக் கடை லீவு. எங்க அக்காவுக்குக் கண் ஆபரேஷன். இதுவரைக்கும் மாமாதான் கூட்டிட்டுப் போனாரு, நாளைக்கு நானும் கூட இருக்கணும்.”

அவர் தலையாட்டினார். சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தார்.

“சிஸ்டர், நாளைக்குக் காலையில என் பேர்ல இருக்கிற ஆபரேஷன் எல்லாத்தையும் சின்ன டாக்டரம்மாவுக்கு மாத்திடுங்க. ஆமா, எல்லாமேதான். இனிமே நான் கத்தி எடுக்கப் போறதில்ல.”

மெக்கானிக்கின் கையிலிருந்த ஸ்க்ரூ டிரைவர் மேஜையில் விழுந்து உருண்டது.

“பயப்படாதீங்க தம்பி, என்கிட்ட படிச்ச பொண்ணு, அவ கை அசையாது. நாளைக்கு லிஸ்ட்ல முதல் பேரு உங்க அக்காதான். ‘என் தம்பிக்குப் பொய் சொல்ல வராது, அதான் கடையில கூட்டமே இல்ல’ன்னு எனக்கு இந்தக் கடைக்கு வழி சொன்னதும் அவங்கதான்.”