பூட்டுக்காரர் கொடுத்த எண்

“அந்த ஆறு இலக்க எண்ணை யாருக்குக் குடுத்தீங்க?” என்று இணையக் குற்றப் பிரிவின் பெண் அதிகாரி மூன்றாவது முறையாகக் கேட்டார்.

“தெரிஞ்ச ஆளுதான் மேடம்” என்று பூட்டுக்காரரும் மூன்றாவது முறையாகச் சொன்னார்.

முப்பது வருடமாகப் பூட்டுக்கடை. யார் கேட்டாலும் சாவியைக் கொடுக்காதீர்கள் என்று வருகிறவர்களுக்கெல்லாம் ஓதி ஓதியே தொண்டை வற்றியவர். தன் போன் கணக்கின் சாவியை மட்டும், கேட்ட ஒரே நிமிடத்தில் தூக்கிக் கொடுத்துவிட்டார். ஊருக்குத்தான் உபதேசம்.

இப்போது எவனோ அவருடைய படத்தையும் பெயரையும் மாட்டிக்கொண்டு நாற்பது பேரிடம் நலம் விசாரித்து, அவர்களிடமும் எண் கேட்டுக்கொண்டிருந்தான்.

அதுகூடப் பரவாயில்லை. போனில் யாரை என்ன பெயரில் பதிந்து வைத்திருந்தாரோ, அந்தப் பெயரைச் சொல்லியே விசாரித்தான்.

‘வணக்கம் தொணதொணப்பு, சுகமா?’ என்று மைத்துனருக்குப் போயிருந்தது.

‘வணக்கம் குறட்டை, சுகமா?’ என்று சம்பந்திக்குப் போயிருந்தது. காலையிலிருந்து சம்பந்தி வீட்டில் யாரும் போனை எடுக்கவில்லை.

செய்ய வேண்டியதை அதிகாரி விரல் மடக்கிச் சொன்னார். கணக்கை மீட்க விண்ணப்பம். எல்லா இடத்திலும் கடவுச்சொல் மாற்றம். செய்தி போன நாற்பது பேரிடமும் ‘அது நானில்லை’ என்ற விளக்கம்.

“முக்கியமா, உங்ககிட்ட எண் கேட்டவரோட கணக்கும் திருட்டுப் போயிருக்கு. அது அவருக்கே தெரியுமோ என்னவோ. அவர் யாருன்னு சொல்லுங்க.”

திருடனுக்குத் தேள் கொட்டியது போல நெளிந்தார் பூட்டுக்காரர். பிறகு வேறு வழியில்லாமல் போனைத் திறந்து மேசைமேல் வைத்தார். கணக்கு கைவிட்டுப் போவதற்கு முன்பே அந்தச் செய்தியைப் படம் பிடித்து வைத்திருந்தார். சந்தோஷத்தில் செய்தது.

படத்தின் உச்சியில், அனுப்பியவர் பெயர்: எதிரி.

கீழே: ‘தம்பி, எப்படி இருக்கே? உன் போனுக்கு ஆறு இலக்க எண் ஒண்ணு வந்திருக்கும். அனுப்பி வை.’

அதற்குக் கீழே அவருடைய பதில்: எண். கூடவே, ‘நல்லா இருக்கேன். உனக்கு முழங்கால் வலி தேவலையா அண்ணா?’

அண்ணனுக்கும் பூட்டுக்கடைதான். எதிர்ச் சாரியில். அப்பாவின் சாவி வெட்டும் இயந்திரம் யாருக்கு என்று வந்த சண்டையில் பேச்சு நின்று ஆறு வருடம் ஆகிறது. அந்த இயந்திரத்தை இருவருமே வைத்துக்கொள்ளவில்லை. வீம்புக்குப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டார்கள்.

“அப்போ நலம் விசாரிச்சது அவன் இல்லையா மேடம்?” என்று கேட்டார்.

அதிகாரி இல்லையென்று தலையசைத்தார்.

“திருடனுக்கு எப்படித் தெரியும், நான் தம்பின்னு?”

அதிகாரி ‘வணக்கம் தொணதொணப்பு’ என்று அச்சிட்டிருந்த தாளை எடுத்து அவர் பக்கம் நகர்த்தினார்.

பூட்டுக்காரர் அந்தத் தாளைப் பார்த்தார். தன் போனில் இருந்த ‘எதிரி’யைப் பார்த்தார். வெட்கமாக இருந்தது. நெஞ்சு நிறைந்தும் இருந்தது.

“நேர்ல போய் அவரை எச்சரிச்சிடுங்க.”

“நானா?” என்று நிமிர்ந்தார். ஆறு வருட வீம்பு, அவ்வளவு சுலபத்தில் படியிறங்குமா? “எழுதிக் குடுங்க மேடம். போலீஸ் போகச் சொல்லித்தான் போனேன்னு இருக்கணும். நானா இறங்கிப் போனதா இருக்கக் கூடாது.”

அதிகாரி சிரித்துக்கொண்டே ஒரு தாளை இழுத்து எழுதினார். முத்திரையும் குத்தினார்.

“இப்பதான் புரியுது. காலையில ஒருத்தர் முழங்காலைப் பிடிச்சுக்கிட்டே வந்து, இதே மாதிரி அடம்பிடிச்சு எழுதி வாங்கிட்டுப் போனாரு. எதிர்க்கடைத் தம்பிகிட்ட காட்டணுமாம்.”

கடையைப் பூட்டிவிட்டு வந்தது பூட்டுக்காரருக்கு அப்போதுதான் உறைத்தது.

நீட்டிய தாளைக்கூட வாங்காமல் ஓடினார்.