பக்கம் மாறிய கோல்கீப்பர்

ஞாயிறு தவறாமல் லோகன் நாசி லெமாக் சோற்றுப் பொட்டலத்தோடு பாடாங் செராய்க்குப் போய்விடுவான். ரப்பர் தோட்டத்துக் கால்பந்து அணியின் பழைய கோல்கீப்பர் சில்வெஸ்டர் மிச்சமிருந்த ஒற்றைக் கண்ணால் அவனைப் பார்த்துச் சிரிப்பார்.

"நாப்பது வருசத்துல எல்லாரும் என்னை மறந்துட்டாங்க. நீ மட்டும் வர்றியே தம்பி!"

"உங்கள மாதிரி யாருண்ணே பந்து பிடிச்சா?"

"அன்னைக்கு என் கண்ணுல கல்லெறிஞ்சவன் எதிர் டீம் ஆளாத்தான்லா இருக்கணும்."

லோகன் குனிந்து பொட்டலத்தைப் பிரித்தான்.

அப்போது அவனுக்குப் பத்து வயது. எதிரணிக் கோல்கீப்பரை அடிப்பதற்காக, ஆட்ட இடைவேளையில் கல் பொறுக்கப் போனான். இரண்டாம் பாதியில் அணிகள் பக்கம் மாறும் என்பதை மறந்து, அதே கோல் கம்பத்துக்குப் பின்னால் லாலாங் புல்லில் பதுங்கி எறிந்தான்.

கல் கையை விட்டுப் போன பிறகுதான் கோல்கீப்பர் திரும்பினார்.

சில்வெஸ்டர் அண்ணன்.