இரண்டு விரற்கடை

"முக்கோணம்னா என்னன்னு பள்ளிக்கூடத்துல உனக்குச் சொல்லியே தரலையா? ஒரு பக்கம் நீளம், ஒரு பக்கம் குட்டை. இது சால்வையா, சாயப்போற கொட்டகையா?"

மூத்த மருமகள் பெரியவள் இதை மூன்றாவது முறையாக, ஓர் எழுத்துக் குறையாமல் சொல்லிவிட்டாள். வீட்டு ஆண்கள் இருவருக்கும் திடீரென்று கடையில் ஏதோ வாங்க வேண்டியது ஞாபகம் வந்து, செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்கள்.

மிச்சம் அகப்பட்டவள் இளைய மருமகள் சின்னவள். ஐந்து வாரமாகக் குரோஷா ஊசியும் கையுமாக அந்தச் சால்வையைப் பின்னியவள்.

"ரெண்டு விரற்கடைதானேக்கா. போட்டுக்கிட்டா தெரியாது."

"ஊருக்கே தெரியும்! நூத்தைம்பது வருஷத்துக்கு முந்தின சீமாட்டி நான். கோணல் சால்வையைப் போட்டுக்கிட்டு அவ வாசல் தாண்டியிருப்பாளா?"

குடியிருப்பு ஆண்டு விழா நாடகம் நாளை மாலை. பெரியவளுக்கு ஐம்பது வயதில் முதல் மேடை. பழங்கால உடைகளின் படப் புத்தகம் ஒன்றை நூலகத்திலிருந்து தூக்கிவந்து, முக்கோணமாய், ஓரமெல்லாம் குஞ்சம் தொங்க, இரண்டு முனையும் முன்னால் சமமாக விழும் சால்வைதான் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றதும் அவள்தான். மேடையில் யாராவது சிரித்துவிட்டால், அப்புறம் எந்த முகத்தோடு லிஃப்டில் ஏறி இறங்குவது?

சால்வையை மேஜைமேல் இரண்டாக மடித்துக் காட்டினாள். வலதுபக்கத்து முனை துருத்திக்கொண்டு நின்றது. விடுவாளா? கண்ணிகளை எண்ணினாள்.

"இந்தப் பக்கம் எண்பத்து நாலு. அந்தப் பக்கம் எழுபத்தெட்டு. ஆறு கண்ணியைக் காக்கா தூக்கிட்டுப் போச்சா?"

"எண்ணும்போது பேச்சுக் கொடுத்திருப்பாங்க."

"யாரு?"

"நீங்கதான்."

"வாய் மட்டும் நேரா வருது! பிரிடீ. கோணல் எங்கே ஆரம்பிச்சதோ அதுவரைக்கும் பிரி. கான்வென்ட்ல எங்க தலையில புத்தகத்தை வச்சு நடக்க விடுவாங்க. என் தலையிலேருந்து ஒருநாளும் விழுந்ததில்லை. நேரா இல்லாத எதையும் என் கண்ணு பொறுக்காது."

சின்னவள் தரையில் உட்கார்ந்து முதல் குஞ்சத்தை அவிழ்க்கத் தொடங்கினாள். ஆமை கூட அந்த வேகத்தைப் பார்த்தால் கொட்டாவி விடும். வாசல் மணி அடித்தபோது நாலு குஞ்சம்தான் அவிழ்ந்திருந்தது.

நாடகத்துக்குத் தைத்த கவுனோடு வந்தவர் தையல்காரர். தரையைப் பார்த்ததும் பதறினார்.

"அடடா, அதை ஏன் தங்கச்சி பிரிக்கறே?"

"கோணல்! வேறென்ன?" என்றாள் பெரியவள்.

"அதுதானேம்மா அள..."

சின்னவள் தலை நிமிர்ந்து அவரை ஒரு பார்வை பார்த்தாள். மனிதர் பாதி வார்த்தையை மென்று விழுங்கினார்.

"முதல்ல கவுனைப் போட்டுப் பாருங்கம்மா. சால்வையை அப்புறம் பார்த்துக்கலாம்."

"சேர்த்தே போட்டுக் காட்டறேன். உங்க தங்கச்சியோட கைவண்ணத்தை நீங்களும் பாருங்க."

கவுனை மாட்டிக்கொண்டு, கூடத்து நிலைக்கண்ணாடி முன் நின்று, சால்வையைத் தோளில் போட்டாள். பின்முனை நடு முதுகில் இறங்கியது. முன்முனை இரண்டும் இடுப்பருகே, அடிக்கோல் வைத்துக் கோடிழுத்தாற்போல் ஒரே மட்டத்தில் நின்றன.

பெரியவள் இடது பக்கம் திரும்பினாள். வலது பக்கம் திரும்பினாள். ஒரு குற்றமும் அகப்படவில்லை. அதுவே அவளுக்குப் பெரிய குறையாகப் போய்விட்டது. ஆனாலும் அசருகிறவளா?

"பார்த்தியா? நிமிர்ந்து நிக்கத் தெரிஞ்சவ போட்டா கோணலும் நேராயிடும். உன் வேலையில ஒண்ணுமில்ல, என் தோள்ல இருக்கு விஷயம்."

"ஆமாக்கா" என்றாள் சின்னவள், குனிந்தபடியே.

பெரியவள் வெற்றிக்களிப்போடு உடை மாற்ற அறைக்குள் போனாள். கதவு முழுதாகச் சாத்தவில்லை. கூடத்தில் தையல்காரர் குரலைத் தணித்துத்தான் பேசினார். தையல் மெஷின் சத்தத்திலேயே முப்பது வருஷம் இருந்தவர் தணித்தால் எவ்வளவு தணியும்?

"உண்மையைச் சொல்லிட வேண்டியதுதானே தங்கச்சி? இவ்வளவு பேச்சு எதுக்கு வாங்கணும்?"

"வேண்டாங்க. அன்னைக்கு ஸ்டூல்லேருந்து விழுந்து உடைஞ்ச தோளெலும்பு கூடினப்போ, கோடு போட்ட மாதிரி சேர்ந்துடுச்சுன்னு எவ்வளவு சந்தோஷப்பட்டாங்க தெரியுமா? மூணு வருஷமா எல்லா உடுப்பும் உங்க கைக்கு வந்துதானே போகுது. இந்தக் கவுன்லயும் வச்சிருந்தீங்கன்னா நான் சால்வையில கைவைக்கவே வேண்டியதில்லை."

"துணி மெல்லிசு தங்கச்சி. இதுல பஞ்சு வச்சா வெளியே தெரியும்."

பெரியவள் மாற்றிக்கொள்ள எடுத்த சட்டையைக் கையில் பிடித்தபடி நின்றாள். மெதுவாக அதன் வலது தோளைத் தடவினாள். வெறும் துணி. இடது தோளைத் தடவினாள். உள்ளே, தையல் தெரியாமல், மெத்தென்று பஞ்சு.

அலமாரியைத் திறந்து நீலச் சட்டையை எடுத்தாள். ஒரு கல்யாணத்துக்குப் போட்டுப்போன பட்டுச் சட்டை. வீட்டில் உடுத்தும் பழசு. எல்லாவற்றிலும் இடது தோளில் மட்டும். சரியாக இரண்டு விரற்கடை.

தையல்காரர் சொல்லிக்கொண்டு போகும் சத்தம் கேட்டது. வெகுநேரம் கழித்துக் கதவு திறந்தது.

சின்னவள் அவிழ்த்த குஞ்சங்களைத் திரும்ப முடிந்துகொண்டிருந்தாள். பெரியவள் அவள் எதிரில் தரையில் உட்கார்ந்தாள். அந்த வீட்டில் அவள் தரையில் உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை.

"ஒரு குஞ்சத்தை நான் முடியறேனே... எப்படின்னு சொல்லிக்கொடேன்."

பல்லிடுக்கிலிருந்த நூலை எடுக்காமலே, சின்னவள் சால்வையின் ஒரு முனையை அவள் பக்கம் நகர்த்தினாள்.