யாரும் எழுதாதீங்க

ராஸ்கோ மேடையேறி, மேசைமேல் இருந்த கருத்துப் பெட்டியைத் தலைகீழாகக் கவிழ்த்துக் காட்டினான். ஒரு துண்டுக் காகிதம்கூட விழவில்லை. பள்ளிக்கூட விளையாட்டுக் கூடத்தில் கூடியிருந்த நூறு பேரும் கைதட்டினோம்.

“இது இப்படியே காலியா வாஷிங்டன் போகட்டும். யாரும் ஒரு வரிகூட எழுதாதீங்க. இன்னிக்குப் பேரும் விலாசமும் எழுதி வாங்குவான், நாளைக்கு வீட்டு வாசல்ல வந்து நிப்பான்.”

வாஷிங்டன் என்றாலே எங்கள் ஐடஹோ மாநிலத்து ஊரில் எவனுக்கும் ஆகாது. காடு எங்கள் கொல்லைப்புறத்தில் இருக்கிறது, அதை ஆள்கிறவர்கள் இரண்டாயிரம் மைலுக்கு அப்பால் உட்கார்ந்திருக்கிறார்கள். இப்போது புதுத் திட்டம் ஒன்று போட்டு, டாகெட் ஓடை ரோட்டில் இனி வண்டியே போகக்கூடாது என்கிறார்கள். ஊர்க்காரன் காட்டுக்குள் வண்டியில் போக இருப்பது அந்த ஒரே ரோடுதான்.

வனத்துறை ரேஞ்சர் இனெஸ் மைக்கைப் பிடித்தாள். “இது முடிவு இல்லைங்க, வரைவுதான். வேண்டாம்னா வேண்டாம்னு எழுதிக் கொடுங்க. இங்கே வாயால சொல்றது எதுவும் கணக்குல ஏறாது. தயவுசெஞ்சு எழுதுங்க.”

“என்னம்மா, மிரட்டிப் பார்க்கிறியா?” என்று பின்வரிசையிலிருந்து ஒருவன் கத்தினான்.

முன்வரிசையில் இருந்த வெர்னாவின் கைப்பையில் நாலு பக்கக் கடிதம் இருந்தது. மர ஆலையில் முதுகு உடைந்த கணவன் வீட்டோடு படுத்துக் கிடக்கிறான். குளிருக்கு இருப்பது ஒரே ஒரு விறகு அடுப்பு. ஒவ்வொரு கோடையிலும் வனத்துறையிடம் அனுமதிச் சீட்டு வாங்கி, அந்த ரோட்டில் பிக்கப் வண்டியை ஓட்டிப் போய், பட்டுப்போன மரங்களைத் தானே அறுத்து ஏற்றி வருவாள்.

“நான் எழுதிட்டேன் ராஸ்கோ. கொடுத்துடட்டுமா?”

“உன் கடிதத்தை அவங்க பிரிச்சாவது பார்ப்பாங்கன்னு நினைக்கிறியா வெர்னா? ஊரே ஒண்ணா நிக்குது. நீ மட்டும் போய் அவங்க காலைப் பிடிக்கப் போறியா?”

கூடமே சிரித்தது. வெர்னாவுக்கு முகம் சிவந்துவிட்டது. கடிதத்தை எடுத்து நாலாகக் கிழித்துப் போட்டாள். புத்தி கெட்ட ஜனங்கள் நாங்கள், அதற்கும் கைதட்டினோம்.

ராஸ்கோவை நம்பாமல் வேறு யாரை நம்புவது? அவனும் எங்களைப் போலக் காட்டை வைத்துப் பிழைக்கிறவன்தான். வெளியூர்ப் பணக்காரர்களை மான் வேட்டைக்குக் கூட்டிப் போகிறான். அவனுடைய பண்ணையின் பின்வேலிக் கதவைத் திறந்தாலே காடு, ரோடுகூட வேண்டாம்.

மேடையை விட்டு இறங்கும்போது இனெஸைப் பார்த்துக் கண்ணடித்தான். “கடைசித் தேதி என்னிக்கு மேடம்? செத்துப்போன பெட்டிக்குப் பூ வைக்க வரணும்ல.”

“மே முப்பத்தொண்ணு,” என்றாள் அவள். சிரிக்கவில்லை.

அடுத்த மார்ச்சில் முடிவு வந்தது. ரோடு மூடல், அதுவும் பதினைந்து வருஷத்துக்கு. எங்களுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இருபது பேர் கிளம்பி வனத்துறை அலுவலகத்துக்குப் போனோம். தலைமை தாங்க ராஸ்கோவையும் வீட்டிலிருந்து இழுத்துப் போனோம்.

வெர்னா மேசையை ஓங்கித் தட்டினாள். “ஆட்சேபணை கொடுக்கணும், தாளை எடுங்க. எட்டு மைல் விறகை நான் முதுகுல சுமக்கணுமா? இல்ல, என் புருஷன் குளிர்ல விறைச்சுச் சாகணுமா?”

இனெஸ் நாற்காலியிலிருந்து எழுந்தாள். “போன தடவை எழுத்துல கருத்துச் சொன்னவங்கதான் இப்போ ஆட்சேபணை கொடுக்க முடியும் மேடம். அதுதான் விதி. அதுக்குத்தான் அன்னிக்கு அப்படிக் கெஞ்சினேன்.”

“இந்த ஊர்ல ஒருத்தர்கூட எழுதலையே.”

“ஒருத்தர் எழுதியிருக்கார். கடைசி நாள் தபால்ல வந்தது.”

எங்களுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. ஊரில் ஒருவனுக்காவது அறிவு இருந்திருக்கிறது. அவன் ஒருவன் ஆட்சேபணை கொடுத்தால் போதும், ரோடு பிழைத்துவிடும்.

“எல்லாம் கட்டுக்கதை. இவங்ககிட்ட நின்னு பேசி என்ன ஆகப் போகுது, வாங்க போகலாம்,” என்றான் ராஸ்கோ.

“நீ சும்மா இரு,” என்று அவனை அடக்கினாள் வெர்னா. “யாருன்னு சொல்லுங்க மேடம். வீடு தேடிப் போய் முத்தம் கொடுத்துட்டு வரேன்.”

“வந்த கடிதத்தை யார் வேணும்னாலும் பார்க்கலாம்,” என்று கோப்பைத் திறந்து அவளிடம் நீட்டினாள் இனெஸ்.

வெர்னா எல்லோருக்கும் கேட்கும்படி படித்தாள். “‘டாகெட் ஓடை ரோட்டை மூடும் திட்டத்தை முழுமனதோடு ஆதரிக்கிறேன். ஊரில் யாருக்கும் இதில் எதிர்ப்பு இல்லை. இருந்திருந்தால் எழுதியிருப்பார்கள்.’”

அடியில் இருந்த கையெழுத்தின்மேல் காய்ப்பு ஏறிய விரலை அழுத்தி வைத்தாள். கதவருகே போய்விட்டவனை நிமிர்ந்து பார்த்தாள்.

“உன் கையெழுத்து ரொம்ப அழகா இருக்கு, ராஸ்கோ.”